சட்டை போட்டு நின்ற செடிகள்

அண்ணா,

தக்காளி நாற்று கடைக்கு வந்துவிட்டது. திருகாணி வாங்கத்தான் இன்று காலை போனேன். செடிப் பகுதி வாசலிலேயே தள்ளுவண்டி முழுக்கப் பச்சை. குளிர்காலமான ஆகஸ்ட் இன்னும் முடியவில்லை. காரின் முன்கண்ணாடியில் உறைந்து கிடந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். அதே காலையில் இவர்கள் தக்காளி விற்கிறார்கள். யாரோ உரமண் மூட்டையை இழுத்துக் கிழித்திருந்தார்கள். ஈர மரப்பட்டையும் கோழி எருவும் கலந்து லேசாகப் புளித்த வாடை. உங்கள் காரின் பின்சீட்டு வாடை. என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

பக்கத்தில் ஒரு தமிழ்த் தம்பதி. புதிதாக வீடு வாங்கியவர்கள் போலிருந்தது. கணவர் நாற்றுத் தட்டை எடுத்துத் தங்கள் தள்ளுவண்டியில் வைத்தார்.

"இப்ப நட்டா செத்துடுங்க," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இங்க வேலை பாக்கறீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

அப்புறம் என்ன சொல்வது? அவருடைய மனைவி தட்டை எடுத்துக் கடையின் வண்டியிலேயே திரும்ப வைத்தார். நான் திருகாணி வாங்காமலேயே வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மின்னஞ்சலுக்கே ஒரு வரியில் பதில் போடுகிறவன் நான், உங்களுக்குத் தெரியும்.

வருகிற வாரத்தோடு நீங்கள் போய் ஒரு வருடம். ஆட்டைத் திவசத்துக்கு டூங்கபித் தங்கை வீட்டுக்கு வரச் சொல்லி, நான் அக்கா என்கிற உங்கள் மனைவி கூப்பிட்டார். போகிறேன். அதற்கு முன்னால், போன வருடம் உங்கள் வீட்டு வளவில் நடந்ததை உங்களிடம் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். அப்போது நீங்கள் அங்கே இருந்தீர்களா இல்லையா என்பதில் அக்காவுக்கு ஒரு கருத்து இருக்கிறது. உங்களைக் கேட்டே செடி நடுகிற நடராசா அங்கிளுக்கு ஒரு கருத்து இருக்கிறது. நான் வெப்பநிலை அளந்து சம்பளம் வாங்குகிறவன். என்னிடம் நடந்தது மட்டும்தான் இருக்கிறது.

மெல்ட்டனில் கறிவேப்பிலை வளர்க்க நினைப்பதே தப்பு என்று பழகிய முதல் வாரமே உங்களிடம் சொன்னேன். மெல்பர்னின் மேற்குக் கோடி. மழையை மலைகள் பிடித்துக்கொள்ளும், நமக்கு மிஞ்சுவது காற்றும் குளிரும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற களிமண். குளிர்காலத்தில் விடியும்போது புல் வெள்ளையாகக் கிடக்கும். அந்த மண்ணில் யாழ்ப்பாணத்துச் செடியை வைக்கிறேன் என்று ஒரு மனிதர். "முதல் ரெண்டு மூண்டு வரியம் வைச்சதெல்லாம் செத்தது ஐசே," என்று நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். சம்பளக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு தோல்வியை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

நீங்கள் மெல்ட்டனிலிருந்து வருவீர்கள், டார்னிட்டில் என்னை ஏற்றுவீர்கள். வெஸ்ட்கேட் பாலத்தில் ஏறி நகரத்தைக் குறுக்கே கடந்து மல்கிரேவ் அலுவலகம் போவோம். பின்சீட்டில் எப்போதும் நாலைந்து கறிவேப்பிலைத் தொட்டிகள், அவற்றுக்கு சீட் பெல்ட். நெரிசலில் கார் நின்றால் நான் ஹாரனில் கை வைக்கச் சொல்வேன். நீங்கள் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, "பயந்திடுவினம்," என்பீர்கள்.

செடிகளுக்குச் சட்டை போட்டதும் நீங்கள்தான். அதை முதல் தடவை பார்த்த காலை எனக்கு மறக்கவில்லை. உங்கள் வண்டி பழுது, ஜூலை மாதம், நான் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். வெளிச்சம் சரியாக வரவில்லை. பக்கவாட்டுச் செங்கல் சுவரோரம் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஆடாமல் அசையாமல், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, தலை இல்லாமல். நான் காரின் கதவைப் பூட்டிக்கொண்டு உங்களுக்குப் போன் அடித்தேன். பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து, விஷயம் புரிந்ததும் நுரை தெறிக்கச் சிரித்தீர்கள்.

ஒவ்வொரு தொட்டியைச் சுற்றியும் மூன்று மூங்கில் குச்சி. குச்சிகளுக்கு மேல் ஒரு அலுவலகச் சட்டை, கழுத்துவரை பொத்தான் பூட்டி. போர்வை போட்டால் மேற்குக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும், சட்டை என்றால் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றீர்கள். நீலம், வெள்ளை, சாம்பல். எல்லாம் ஒரே அளவு, ஏனென்றால் எல்லாம் உங்களுடையவை. காலர் தேய்ந்த சட்டை செடிக்குப் போகும். வெயில் ஏறியதும் அக்கா கழற்றுவார், பொழுது சாயும்போது நீங்கள் வந்து பூட்டுவீர்கள்.

"பனி மேல இருந்து விழறதில்லண்ணா," என்றேன் அன்றைக்கு. "செடியோட சூடு வானத்துக்குப் போயிடுது. அதனாலதான் உறையுது."

நீங்கள் ஒரு காலரைச் சரிசெய்தீர்கள். "அப்ப, வானத்துக்குப் போறதை நான் சட்டையால மறிக்கிறன். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். இயற்பியல் சரி. அதுதான் எனக்கு எரிச்சல்.

செப்டம்பர் பிறந்து இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், உங்கள் போன் அடங்காது. ஊர் முழுக்கத் தோட்டக் கிறுக்கு பிடிக்கிற காலம் அது. எப்ப விக்கிறியள், எப்ப நடலாம் என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் உடனே பதில் சொல்ல மாட்டீர்கள். எங்கோ பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பீர்கள், பிறகு, "ஐப்பசி பிறக்கட்டும்," என்பீர்கள். பதில் எப்போதும் அதுதான், ஆனாலும் அந்த நேரத்தை எடுத்துக்கொள்வீர்கள். மண்ணில் வெறுங்காலோடு நின்று ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடிக்க முடிந்தால்தான் உங்களுக்கு வசந்தம். நான் மண்ணில் குத்திப் பார்க்கிற வெப்பமானி வாங்கிக் கொடுத்தேன். அதைத் தேத்தண்ணிக்குள் விட்டு, "அறுபத்திரண்டு. குடிக்கலாம்," என்றீர்கள். அவசரப்பட்டு நடுகிறவர் என்று தெரிந்தால் கெஞ்சினாலும் கொடுக்க மாட்டீர்கள். "செடி என்ர பிள்ளை எண்டெல்லாம் நான் சொல்ல மாட்டன். ஆனா கொலைக்கு ஒண்டையும் குடுக்க மாட்டன்."

பிறகு ஆகஸ்ட் கடைசியில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, அலுவலகத் தேநீர் அறையில் விழுந்தீர்கள். நான் மேல்மாடியில் இருந்தேன். கீழே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம் என்றார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வராது.

வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்ட சமாசாரம் உங்களுக்குத் தெரியும். செப்டம்பர் முடியும்போது காலி செய்ய வேண்டும். வேறு வீடு பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இப்போது அக்கா தனி. டூங்கபியில் இருக்கிற அக்காவின் தங்கை வந்து கூட்டிப்போவதாக முடிவானது. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் லொறி வரும், அன்றைக்கே சாவியைக் கொடுக்க வேண்டும். தங்கை வீடு அடுக்குமாடியில், மண்ணே கிடையாது. ஆகவே செடிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு சனிக்கிழமையில் எல்லாவற்றையும் விற்றுத் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, நீங்கள் குசினி என்கிற சமையலறையின் ஜன்னல் வழியாகப் பாக்கியம் அன்ரி சுவரோரத்தைப் பார்த்துவிட்டார். அடுத்த தெருவில் இருக்கிறவர், ஒவ்வொரு வருடமும் உங்களிடம் செடி வாங்கிச் சாகடிக்கிறவர், அவரேதான்.

"தம்பி, செத்தவற்ற உடுப்பை இப்பிடி வளவுக்க நிப்பாட்டி வைக்கிறதோ? கழட்டி எறியும்."

"கழட்டினா செடி செத்துடும் அன்ரி. இன்னிக்கு ராத்திரி பூச்சியத்துக்குக் கீழ போகுது."

"அப்ப வேற துணி போடும்."

"பறந்துடும்."

"நீர் என்ன மனுசன் ஐயா?"

மூலையில் கதிரையில் இருந்த அக்கா அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இருக்கட்டும் அன்ரி. குளிர் எல்லே."

சட்டைகள் நின்றன. பகலில் கழற்ற அக்காவுக்குக் கை வரவில்லை. அதனால் பகலிலும் நின்றன.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை விற்பனை என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். உங்கள் பாணியில் நாலு வார்த்தை கூடுதலாக: வாங்குங்கள், ஆனால் அக்டோபர் நடுப்பகுதிவரை வெளியே நடாதீர்கள். காலையிலேயே கார்கள் வந்துவிட்டன. நான் பெயர்ச்சீட்டு, பை, எல்லாம் மேசையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் இறங்கினார்கள், நடைபாதையில் நின்றார்கள். கேட் திறந்திருந்தது. ஒருவரும் உள்ளே காலை வைக்கவில்லை.

"வாங்க, வந்து பாருங்க," என்றேன்.

"பாக்கிறம் தம்பி."

பார்த்தார்கள். காற்றே இல்லாத காலை. இருபது பேர் நிற்கிற இடத்தில் ஒரு சத்தம் இல்லை. கடைசியில் பாக்கியம் அன்ரிதான் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, நாங்கள் தீட்டு என்பதைச் சொன்னார்.

"துடக்கு வீடு எல்லே. முப்பத்தொண்டு முடியாம இந்த வீட்டால ஒரு சாமானும் வாங்கிக்கொண்டு போகேலாது."

"முடிஞ்ச மறுநாள் வீடே நம்மது இல்ல. அப்ப வந்து யார்கிட்ட வாங்குவீங்க?"

அப்புறம்தான் கவனித்தேன், அவர்கள் யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், சுவரோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். நீலம், வெள்ளை, சாம்பல். எதுவும் அசையவில்லை. மறுபடி நான் தெருப் பக்கம் திரும்பியபோது கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தார். "தம்பி, ஒரு சாடியைக் காணேல்ல."

வேலைக்குப் போகிற வழியில் திரும்பி வந்து பார்த்தேன். வரிசையில் நடுவில் ஒரு நீலச் சட்டை. குச்சிகள் நேராக நின்றன. கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தது. குனிந்து அடியில் பார்த்தேன், தொட்டி இல்லை. சுற்றிலும் புல் வெள்ளையாக உறைந்திருக்க, சட்டைக்குக் கீழே மட்டும் வட்டமாகக் கறுப்பு மண், நனையாமல். மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள் இரண்டு. ஒவ்வொரு தடவையும் சட்டை மட்டும் அப்படியே, ஒரு பொத்தான்கூட மாறாமல்.

"திருடன்தாங்க்கா," என்றேன்.

"கள்ளன் எண்டா உடுப்பை ஏன் திருப்பிப் பூட்டிப்போட்டுப் போறான்?" அக்காவின் குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் என்னை உலுக்கியது. "அவர்தான். ஒவ்வொண்டாக் கொண்டு போறார்."

"எங்க கொண்டு போறாரு?" இப்படிக் கேட்கிற ஆள்தான் நான். என்ன செய்வது?

"எனக்கெப்பிடித் தெரியும்? சொல்லிப்போட்டுப் போற மனுசனே அவர்?"

அன்றோடு அக்கா சாமான் கட்டுவதை நிறுத்திவிட்டார். கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்துத் தட்டுகளை மறுபடி அடுக்கினார். விடிவதற்கு முன் எழுந்து குசினி ஜன்னலில் உட்கார்ந்துவிடுவார், சுவரைப் பார்த்துக்கொண்டு. சாப்பாடு அப்படியே இருக்கும். லொறி வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். தங்கை எனக்குப் போன் செய்து அழுதார். நான் அக்காவிடம் போய், செப்டம்பர் முடிந்தால் புது ஆள் வந்துவிடுவான், சாமானைத் தூக்கி வெளியே வைப்பான் என்றேன். நடப்பதைத்தான் சொன்னேன்.

"நான் போட்டன் எண்டா," என்றார் அக்கா, "அவர் வந்து வெறும் வளவில நிண்டு என்ன செய்வார்?"

நான் அவருடைய ஆறிய சாப்பாட்டை எடுத்துச் சூடாக்கி வைத்தேன் அண்ணா.

அந்த வார இறுதியில் உங்கள் முன்னறையில் படுத்தேன். எவன் வருகிறான் என்று பார்த்துவிடுவது என்று தீர்மானம். வானம் வெளுக்கும்போது வளவுக்குப் போனேன். புல் காலடியில் நொறுங்கியது. சட்டைகள் விறைத்து நின்றன, துணியில் உப்புப் பூத்ததுபோலப் பனி. கூரைக்கு மேலே சூரியன் வந்து முதல் வெளிச்சம் சுவரில் விழுந்தது. காலர்களிலிருந்து ஆவி எழுந்தது. ஒவ்வொரு காலரிலிருந்தும், மெல்ல, விட்டு விட்டு. குளிரில் நிற்கிற ஆள் மூச்சு விடுகிற மாதிரி. ஈரத் துணியில் வெயில் பட்டால் ஆவி வரும், பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். காற்று இல்லை. கடைசிச் சட்டையின் கை ஒன்று தானாக விலகி மறுபடி தொங்கியது. விறைத்த துணி இளகினால் அப்படித்தான் விழும். அதுவும் தெரியும். இவ்வளவும் தெரிந்துகொண்டு உள்ளே போய்க் கதவைப் பூட்டினேன். காப்பி போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். அதற்குள் வரிசையின் மறுகோடியில் ஒரு தொட்டி போயிருந்தது. அக்கா அவ்வளவு நேரமும் ஜன்னலில்தான் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"கண்டனீரோ? நான் கண்ணைத் துடைக்கேக்க வந்திட்டுப் போட்டார்."

அன்று மத்தியானமே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கேமரா வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் பதிவைத் திறந்தேன். முதலில் வெறும் சட்டைகள். பிறகு, அக்கா எழுகிற நேரத்துக்கு முன்பே, பக்கவாட்டு வேலிப் படலை திறந்தது. கம்பளித் தொப்பி, நீளமான கோட்டு, கீழே சேலைக் கரை. பாக்கியம் அன்ரி. பூனைபோல வந்து ஒரு வெள்ளைச் சட்டைக்கு முன்னால் நின்றார். கைகூப்பினார். கீழ்ப் பொத்தான் மூன்றை மட்டும் கழற்றித் தொட்டியை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு குளிரில் விறைத்த விரல்களால், பிள்ளைக்குப் பூட்டுவதுபோல, ஒவ்வொரு பொத்தானாகத் திரும்பப் பூட்டிவிட்டுப் போனார்.

கழிப்பறைப் பக்கம் போய் நின்று அவருக்குப் போன் செய்தேன்.

"அன்ரி, நீங்க திருடினீங்களா?"

உடனே கோபம். "என்ன திருட்டு? களவு எண்டு சொல்லும்! களவெடுத்த கறிவேப்பிலைதான் தழைக்கும். உங்கட ஊரில அது தெரியாதோ?"

"துடக்கு?"

"துடக்கு வீட்டில வாங்கத்தான் கூடாது. களவெடுக்கக் கூடாது எண்டு ஆர் சொன்னது? ஐயரைக் கேட்டனான்."

"ஐயர் என்ன சொன்னாரு?"

"அவர் போன கிழமையே ரெண்டு கொண்டு போட்டார்."

சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. அடுத்த நாட்களின் பதிவையும் பார்த்தேன்: சனிக்கிழமை கேட்டுக்கு வெளியே நின்ற அத்தனை பேரும், ஒருவருக்கொருவர் சொல்லாமல், விடியலில் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். கொலைக்குக் கொடுக்க மாட்டேன் என்று நீங்கள் மறுத்தவர்களும் அதில் இருந்தார்கள்.

அது வரைக்கும் எனக்கு எல்லாம் விளங்கியது. பதிவில் இன்னொரு ஆளும் இருந்தார். நடராசா அங்கிள், ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சாம்பல் சட்டைக்கு முன்னால் வந்து நின்றார். தொட்டியைத் தொடவில்லை. உங்களிடம் பேசுகிற தூரத்தில் நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஏதோ கேட்டார். கேமராவுக்கு ஒலி கிடையாது. கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நீங்கள் பதில் சொல்ல எடுத்துக்கொள்கிற நேரம் எனக்குத் தெரியும், காரில் தினமும் அனுபவித்தவன். அதே நேரம். பிறகு அவர் தலையாட்டினார். 'ஓம்' என்று வாய் அசைந்தது. தொட்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவர் தலையாட்டும் முன்னால் சட்டையின் காலர் லேசாக அசைகிறது. காற்றாக இருக்கலாம். பக்கத்துச் சட்டைகள் அசையவில்லை.

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா? அலுவலகத்தில் இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு பேரும் சொல்லாதே என்றார்கள். அவர் நம்பிக்கொண்டிருப்பதை ஏன் உடைக்கிறாய் என்றார்கள். ஆனால் அந்த நம்பிக்கைதான் அவரை ஜன்னலில் கட்டிப் போட்டிருந்தது. அடுத்த வாரம் சாவி கொடுக்க வேண்டும், அவர் ஒரு கரண்டிகூடக் கட்டவில்லை. நேராகப் போனேன், போனை அவர் கையில் கொடுத்தேன். "அண்ணன் இல்லக்கா. பாருங்க."

அக்கா எல்லாவற்றையும் பார்த்தார். பாக்கியம் அன்ரி பொத்தான் பூட்டுவதைப் பார்த்து, "கிழவிக்கு ஒழுங்காப் பூட்டத் தெரியுது," என்றார். ஐயர் மறுபடியும் வந்து, ஒரு தொட்டியோடு வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். அழவில்லை. உடைந்துபோகவும் இல்லை. நடராசா அங்கிள் வந்ததும் முகம் மாறியது. மறுபடி போடச் சொன்னார். மறுபடி.

"இவர் என்ன கேக்கிறார்?"

"தெரியலக்கா."

"போன் அடிச்சுக் கேளும்."

ஸ்பீக்கரில் போட்டு அங்கிளை அழைத்தேன். நான் சுற்றி வளைக்காமல் கேட்டதும், அவரும் சுற்றி வளைக்கவில்லை.

"எப்ப நடலாம் எண்டு கேட்டனான் தம்பி. அவரைக் கேக்காம நான் ஒரு வரியமும் நட்டதில்லை."

அக்கா குனிந்து போனுக்குப் பக்கத்தில் வந்தார். "என்ன சொன்னவர் அண்ணை?"

"ஐப்பசி பிறக்கட்டும் எண்டார், பிள்ளை." ஒரு சந்தேகமும் இல்லாத குரல். "பிறகு, அவள் வெளிக்கிட்டிட்டாளோ எண்டு கேட்டார். இன்னும் இல்லை எண்டனான். சொல்லிப்போடுங்கோ, சுணங்க வேண்டாம் எண்டு சொன்னவர். நான்தான் உமக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு இவ்வளவு நாளும்..."

அக்கா போனை என்னிடமிருந்து வாங்கி மெதுவாக மேசையில் வைத்தார். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அந்த ஒரு தடவை மூடிக்கொண்டதை நீங்கள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பீர்கள். அக்கா எழுந்து குசினிக்குள் போனார். தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றுகிற சத்தம் கேட்டது.

அடுத்த நாள் முதல் விடியலில் அக்கா ஜன்னல் திரையை இழுத்துவிடுவார். "அவையள் வெக்கப்படாம வந்து களவெடுக்கட்டும்," என்பார். நான் பக்கவாட்டு வேலிப் படலைக்கு எண்ணெய் போட்டேன். தொட்டிகள் குறைந்தன. சட்டைகள் நின்றன.

முப்பத்தொன்று முடிந்தது. மறுநாள் விடியும் முன்பே லொறி வந்து சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது. தங்கை காரில் ஹாரன் அடித்தார், என்னைப் போல ஒருவர். அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு வளவுக்கு வந்தார். சுவரோரத்தில் ஒரு தொட்டி மட்டும் மிச்சம், இரண்டு சாண் உயரக் கன்று.

"அதை எடுத்துக்குங்கக்கா," என்றேன். "பால்கனியில வெச்சுக்கலாம்."

"எடுக்கேலாது தம்பி. நீர் அங்கால திரும்பி நில்லும்."

"எதுக்கு?"

"நான் களவெடுக்கப் போறன். பாத்துக்கொண்டு நிண்டா எப்பிடி?"

திரும்பி நின்றேன். பின்னால் பொத்தான்கள் கழல்வது கேட்டது. பிறகு அக்கா ஏதோ மெல்லிய குரலில் சொன்னார். எனக்குச் சொன்னதில்லை, ஆகையால் காது கொடுக்கவில்லை. பிறகு அந்த நேரம். நீங்கள் பதில் சொல்ல எடுத்துக்கொள்கிற நேரம். "ஓம்," என்றார் அக்கா. "போட்டு வாறன்." பொத்தான்கள் மறுபடி பூட்டப்பட்டன. காலடி என்னைத் தாண்டிப் போனது. அக்காவின் கோட்டுக்கு வெளியே இரண்டு இலை நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

வண்டிகள் போன பிறகு நான் மட்டும் இருந்தேன். சாவி கொடுப்பதற்கு முன்னால் சட்டைகளைக் கழற்ற வேண்டும். சூரியன் இன்னும் கூரைக்கு மேலே வரவில்லை. சுவரும் சுவரோரமும் நிழலில்தான் இருந்தன. துணியெல்லாம் தகடாக விறைத்திருந்தது. பொத்தானைப் பிடித்தால் விரல் ஒட்டியது. ஒவ்வொன்றாகக் கழற்றி மடக்கிப் பெட்டியில் போட்டேன். மடங்கும்போது முறுக்குப்போல நொறுங்கின. பாதி வரிசை தாண்டி ஒரு நீலச் சட்டை. முதன்முதலில் தொட்டி காணாமல் போனது அதன் அடியில்தான். பல நாளாக உள்ளே வெறும் குச்சி.

பொத்தானைக் கழற்றி வலது கையை உள்ளே விட்டேன். சூடாக இருந்தது.

வெயில் பட்ட துணியின் சூடு எனக்குத் தெரியும். அழுகுகிற உரத்தின் சூடும் தெரியும். இது ஆள் இப்போதுதான் கழற்றிப் போட்ட சட்டைக்குள் இருக்கிற சூடு. வெளியே துணியில் பனி, உள்ளே அது. தொலைவிலிருந்தே வெப்பம் அளக்கிற கருவி காரில் இருந்தது, பத்தடி தூரத்தில். போய் எடுத்துவரவில்லை. அளந்திருந்தால் ஒரு எண் கிடைத்திருக்கும், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கையை எடுக்காமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அது மெல்லக் குறைந்து மற்றச் சட்டைகளைப் போல ஆகிவிட்டது.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. நடராசா அங்கிளிடமும் சொல்லவில்லை. அவர் ஆச்சரியப்பட மாட்டார், அதனாலேயே சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில்.

மல்கிரேவில் இந்த வருடம் என்னைக் குளிர் அறைகளுக்குள் விட்டிருக்கிறார்கள், உள்ளே நின்று உணரிகளைச் சரிபார்க்கிற வேலை. மைனஸ் இருபதில் கொஞ்ச நேரத்திலேயே இடது கை மரத்துப்போகிறது. கையுறை போட்டும் போகிறது. வலது கை மரத்துப்போவதில்லை. அதற்குக் கையுறை போடுவதை நிறுத்திவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஆகிறது.